திருகாணிகளின் வரிசை

மதிப்பிற்குரிய ஐயா,
எனக்கு வயது 36. எனக்குப் பழகிய ஒழுங்கையே நாடவைக்கும் ஆட்டிசமும், கவனத்தை நிலைக்கவிடாத ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்தே இருப்பதாகச் சென்ற மாதம் மருத்துவர் சொன்னார். ஒழுங்கு குலைந்தால் தவித்துப்போகிறேன். அந்த ஒழுங்கை ஒரு வாரம்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. சோம்பேறித்தனத்துக்குப் புதுப்பெயர் என்கிறார் மனைவி. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இதை அலுவலகத்தில் சொல்லலாமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மேலாளரை நீங்கள்தான் அறிவீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

ஆனால் 'சோம்பேறி' என்ற சொல்லை நீங்களே உங்கள்மேல் எறிந்துகொள்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. படித்தவர்தானே நீங்கள்? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட, மனநலப் பாதிப்புகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் கையேடு, ஆட்டிசம் உள்ளவருக்கு ஏ.டி.எச்.டி.யும் இருப்பதாகத் தனியே கண்டறியக் கூடாது என்று விதித்திருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அந்தத் தடை நீங்கியது. நீங்கள் பள்ளியில் முட்டிபோட்ட ஆண்டுகள் முழுவதும், இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருக்கலாம் என்பதையே அந்தக் கையேடு ஏற்கவில்லை. போதாததற்கு, இவை ஒன்றையொன்று மறைக்கக்கூடியவை: பழகிய வரிசையைப் பிடித்துக்கொண்டு மறதியைச் சமாளிப்பவரைப் பார்த்து 'கவனமானவர்' என்பார்கள், புதியதைத் தேடி ஓடுபவருக்கு மாற்றம் எவ்வளவு வலிக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

கோவில்பட்டியில் ரேடியோ பழுதுபார்த்த என் சித்தப்பாவை நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு என்ன இருந்தது என்று இனி எவரும் சொல்ல முடியாது. நான்கு மணிக்கு அதே தம்ளரில் காப்பி வராவிட்டால் அவர் கை நடுங்கும். கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு காகிதப் பட்டையில் குத்தி, பக்கத்தில் எண் எழுதிவைப்பார். பிறகு அந்த ரேடியோ மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும், அடுத்ததைத் திறந்துவிடுவார். வீட்டில் எல்லோரும் அவரைச் சோம்பேறி என்றோம். நானும் ஒருமுறை, அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் பதில் பேசாமல் பட்டையில் அடுத்த திருகாணியைக் குத்தினார். அவர் மறைந்தபின் கடையைக் காலிசெய்தபோது அப்படிப் பதினொரு பட்டைகள் இருந்தன. வேறொரு மெக்கானிக் அவற்றைப் பார்த்தே, ஒரு திருகாணிகூட மாறாமல், அத்தனை ரேடியோக்களையும் பூட்டிக்கொடுத்தார்.

அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது உங்கள் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் மருத்துவரிடம் நேரிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

அன்புடன்.