கடனில் ஒரு காஃப் பாய்மரப் படகு: வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் வேலை பார்க்கிறேன். வயது 41. மனைவி, இரண்டு பிள்ளைகள். பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன். 1989-ல் கட்டிய கார்னிஷ் க்ராப்பர் 24 என்ற காஃப் பாய்மரப் படகு ஒன்று 24,500 பவுண்டுக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. 14,500 சேமிப்பிலிருந்தும், 10,000 ஐந்தாண்டுத் தனிநபர் கடனாகவும் (8.9%) போடலாம் என்று எண்ணம். ரொக்கச் சேமிப்பு 19,000, பங்கு ஐசாவில் (வரியில்லா முதலீட்டுக் கணக்கு) 22,000. வீட்டுக் கடன் தவணையும் சேர்த்து மாதச் செலவு 2,600. அது போக 550 மிஞ்சும். வீட்டுக் கடனின் 1.9% நிலை வட்டி அடுத்த ஆண்டு முடிகிறது. அப்போது 148,000 பாக்கி, 20 ஆண்டு தவணை இருக்கும். மரினாவில் (படகு நிறுத்தும் துறை) படகின் நீளத்தில் மீட்டருக்கு ஆண்டுக்கு 460 பவுண்ட் கேட்கிறார்கள். கூட வேலை செய்யும் நண்பர் பாதி போடத் தயார், நான்தான் தயங்குகிறேன். “பழைய பாணிப் படகு, விலை இறங்காது, முதலீடாக நினைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: நண்பரோடு சேர்ந்து வாங்கலாம். தனியாக, அதுவும் கடனில், வேண்டாம்.

முதலில் அந்த 550-ஐப் பார்ப்போம். 148,000 பவுண்டுக்கு 1.9 சதவீதத்தில் தவணை சுமார் 742. அடுத்த ஆண்டு 4.6 சதவீதம் கிடைக்கிறது என்று வையுங்கள்; தவணை 944 ஆகிவிடும். ஆக, உங்கள் கையில் உண்மையில் மிஞ்சப்போவது மாதம் 350. படகுக் கடனுக்கு மட்டும் மாதம் 205 போகும். ஐந்தாண்டில் கட்டும் மொத்தம் சுமார் 12,330. மீதி 145-ஐ வைத்துக்கொண்டு இந்தப் படகைத் தண்ணீரில் வைத்திருக்க முடியாது.

ஏன் என்பதற்குக் காரணம் படகின் மூக்கில் இருக்கிறது. காஃப் பாய் என்பது நாற்கோணப் பாய். அதன் மேல் விளிம்பைத் தாங்கும் சாய்வுக் கட்டைக்குத்தான் காஃப் என்று பெயர். இந்த வகையில் பாய்மரம் குட்டையாக இருக்கும். பாயின் பரப்பை ஈடுகட்ட முன்பக்கம் பௌஸ்பிரிட் என்ற நீளமான கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். விளம்பரத்தில் இரண்டு நீளம் போட்டிருப்பார்களே, பார்த்தீர்களா? உடலளவு 7.3 மீட்டர், கட்டையோடு சேர்த்து 9.2 என்பதுபோல. மரினாக்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் அளக்கும். 460 வீதம் உடலுக்கு 3,358, மூக்கோடு 4,232. வெறும் கட்டைக்கு ஆண்டுக்கு 874 பவுண்ட் வாடகை! கட்டையை உள்ளே இழுக்கவோ மேலே மடக்கவோ முடிந்தால் அந்த நிலையில் அளப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மற்ற செலவுகளையும் போட்டுப் பார்ப்போம். காப்பீடு 300. ஆண்டுக்கு ஒரு முறை தூக்கிக் கழுவி, அடிப்பகுதிக்குப் பாசிதடுப்பு வண்ணம் பூச 570. இன்ஜின் பராமரிப்பை நீங்களே செய்தால் 150. வார்னிஷ், கயிறு வகைக்கு 250. பாய்களும் பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளும் ஒருநாள் மாற்றியாக வேண்டும். அதற்கு ஒதுக்க 600. பாதுகாப்புக் கருவிகளுக்கு 100. இவை 1,970, மரினாவோடு 6,202. தனியாளாக இதுவே மாதம் 517, அதன் மேல் கடன் தவணை வேறு. கயிற்றுச் செலவைக் குறைத்துப் போடாதீர்கள். நவீனப் படகில் பெரிய பாயைத் தூக்க ஒரு கயிறு போதும். காஃப் கட்டைக்குப் பாய்மரத்தை ஒட்டிய முனையில் ஒன்று, வெளி நுனியில் ஒன்று என்று இரண்டு வேண்டும், கப்பிகளும் அதற்கேற்ப அதிகம்.

மரினாவுக்குப் பதில் ஆற்றில் மூரிங் (மிதவையில் படகைக் கட்டிவைக்கும் இடம்) எடுங்கள். உங்கள் பக்கத்து ஆர்வெல், டெபன் ஆறுகளுக்கு இந்தப் படகு நன்றாகப் பொருந்தும். அடியில் ஏற்றி இறக்கக்கூடிய மையப்பலகையைத் தூக்கினால் ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழம் போதும். ஆண்டுக்கு 700 பவுண்டுக்குள் கிடைத்தால் மொத்தச் செலவு 2,670-ஆக இறங்கிவிடும். கரையிலிருந்து போய்வர டிங்கி என்ற சிறு படகு வேண்டும், அது தனிச் செலவு. நீர் வற்றும்போது சேற்றில் உட்காரும் மூரிங் இன்னும் மலிவு என்றாலும் கூழாங்கல் உள்ள இடம் வேண்டாம். கல் இடுக்கில் சிக்கி மையப்பலகை இறங்காமல் போகும்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். பாதிப் பங்கு 12,250. ஆறு மாதச் செலவான 15,600-ஐ ரொக்கத்தில் தொடாமல் வைத்தால் மிஞ்சுவது 3,400. மீதியை ஐசாவிலிருந்து எடுக்கலாம். உங்கள் ஐசா நெகிழ்வு வகையா என்று முதலில் கேளுங்கள். அந்த வகையில் எடுத்ததை அதே நிதியாண்டில் திரும்பப் போட முடியும்; இல்லையென்றால் எடுத்தது எடுத்ததுதான், திரும்பப் போடுவது அந்த ஆண்டின் 20,000 வரம்பில் கணக்காகும். பாதியாகப் பிரித்தால் மூரிங்கில் உங்கள் பங்கு மாதம் 111, மரினாவிலேயே வைத்தால்கூட 258. இரண்டுமே 350-க்குள் வருகிறது.

பிரிட்டிஷ் கப்பல் பதிவேட்டின் முதல் பகுதியில் ஒரு படகின் உரிமை 64 பங்காகப் பதிவாகும். ஆளுக்கு 32 என்று எழுதிக்கொள்ளுங்கள். செலவு மலிவு என்று சிறு கப்பல் பதிவேட்டோடு நின்றுவிட வேண்டாம். அது உரிமைக்குச் சான்று ஆகாது. தனி ஒப்பந்தமும் தேவை. ஒருவர் விலக நினைத்தால் விலையை யார் மதிப்பிடுவது, மற்றவர் எத்தனை மாதத்தில் பணம் தர வேண்டும், காப்பீட்டில் கழியும் முதல் தொகையை யார் கட்டுவது, ஆகஸ்ட் வார இறுதிகள் யாருக்கு என்பதெல்லாம் அதில் வரட்டும். நட்பு கெடுவது பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதில்தான்.

முதலீடு என்ற பேச்சை விட்டுவிடுங்கள். ரோஜர் டாங்ரே வடிவமைத்த இந்த வரிசைக்குக் கிராக்கி உண்டு என்பது சரி. ஆனால் இது பழைய பாணியில் வார்த்த கண்ணாடியிழைப் படகு. அரிய மரக்கலம் அல்ல. பவுண்ட் கணக்கில் விலை நின்றாலும் பணவீக்கம் தின்றுவிடும். விற்கும்போது புரோக்கருக்கு 6 முதல் 8 சதவீதமும் அதற்கு வாட்டும் போகும். விற்கும்வரை இட வாடகை ஓடிக்கொண்டிருக்கும். நட்டத்தை வேறு மூலதன ஆதாயத்தில் கழிக்கவும் வழியில்லை.

விலையைப் பேசி, “சர்வேக்கு (நிபுணரின் படகுப் பரிசோதனைக்கு) உட்பட்டது” என்று ஒப்பந்தத்தில் எழுதி, 10 சதவீத முன்பணம் கட்டுங்கள். புரோக்கர் விற்பவரின் முகவர்தான். விற்பவர் தனிநபர் என்றால் 2015-ன் நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. சர்வேயருக்கு 500–600, தூக்குவதற்குத் தனியாக. படகைத் தூக்கும் பட்டையில் தொங்கவிட்டபடியே மையப்பலகையை முழுதாக இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தரையில் உட்காரவைத்துவிட்டால் அதன் அச்சாணியைப் பார்க்கவே முடியாது. பௌஸ்பிரிட்டைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் பாப்ஸ்டே, நீர்மட்டத்தருகே உடலில் மாட்டியிருக்கும் இடத்தில் துரு இருக்கிறதா என்பது மிக முக்கியம். அது அறுந்தால் பௌஸ்பிரிட் மேலே வளைந்து முறியும், பாய்மரத்துக்கு முன்பிடிப்பும் போகும். மரக்கட்டைகளில் வார்னிஷுக்கு அடியில் கருப்புத் திட்டு தெரிந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். உலோகம் மரத்தைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும், காஃப் கட்டை பாய்மரத்தைக் கவ்வும் தாடையிலும் குத்திப் பார்க்க வேண்டும். செம்பழுப்புப் பாய் அழுக்கையும் வெயில் தேய்மானத்தையும் மறைத்துவிடும், அதனால் தையல் நூலை நகத்தால் கீறிப் பாருங்கள். எஃகுக் கம்பிகள் பத்தாண்டு தாண்டியவை என்றால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கலாம். கண்டுபிடித்த ஒவ்வொரு குறைக்கும் பழுதுச் செலவை எழுத்தில் வாங்கி, அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். இலையுதிர் காலத்தில் பேரம் இன்னும் எளிது. குளிர்கால வாடகையைத் தவிர்க்க விற்பவரே அவசரப்படுவார்.

காகிதங்களில் வாட் கட்டிய ரசீது கட்டாயம். 1985-க்கு முந்திய படகுகளுக்கு இருந்த சலுகை 1989 படகுக்கு வராது. கட்டிய நாள் முதல் கைமாறிய விற்பனைப் பத்திரங்கள் எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். சிஇ முத்திரை (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரக் குறி) இல்லையே என்று பயப்பட வேண்டாம். அந்த விதி 1998 ஜூன் 16-க்குப் பிறகு சந்தைக்கு வந்த படகுகளுக்குத்தான். ஹாலந்துப் பக்கம் போகும் ஆசை இருந்தால், உங்களிடம் இருப்பது இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா படகில் போனாலும் வேண்டும்.

வீட்டுக் கடனின் புதிய வட்டியை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நிலை வட்டி முடிய ஆறு மாதம் இருக்கும்போதே புதிய விகிதத்தைப் பல வங்கிகள் உறுதிசெய்து தரும். வேறு வங்கிக்கு மாறும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் எந்தத் தனிநபர் கடனுக்கும் விண்ணப்பிக்காதீர்கள். திருப்பிச் செலுத்தும் திறனைக் கணக்கிடும்போது அந்தத் தவணையையும் கழிப்பார்கள். புதிய தவணை 944-ஐத் தாண்டினால், நான் மேலே சொன்ன 350-ஐ அதற்கேற்பக் குறைத்து, மரினாவா மூரிங்கா என்ற கணக்கை மறுபடி போடுங்கள்.