பிரிண்ட் ஸ்பூலர் சேவை திரும்பத் திரும்ப நிற்பது ஏன்?

விண்டோஸில் பிரிண்ட் ஸ்பூலரை (பிரிண்டருக்குப் போகும் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் சேவை) ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகளில் நின்றுவிடுகிறது, ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் கோளாறு சேவையில் இல்லை. பாதியில் சிதைந்துபோன ஒரு பிரிண்ட் வேலையில் இருக்கிறது. காத்திருக்கும் வேலைகளை ஸ்பூலர் வட்டில் கோப்புகளாக வைத்திருக்கும். கணினியை அணைத்துப் போட்டாலும் அவை அழியாது. சேவை எழுந்ததும் அதே கோப்பைப் படிக்கும், மறுபடி விழும். அதனால்தான் ரீஸ்டார்ட் உதவவில்லை.

முதலில் சர்வீசஸ் சாளரத்தில் ஸ்பூலரை ஸ்டாப் செய்யுங்கள். இது முக்கியம், ஓடும்போது கோப்புகள் அழியாமல் அடம்பிடிக்கும். அப்புறம் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய், அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரைத் தொட வேண்டாம். காத்திருந்த வேலைகள் எல்லாம் போய்விடும், திரும்ப அனுப்ப வேண்டும். பிறகு ஸ்டார்ட்.

அப்படியும் நின்றால் பிரிண்டர் டிரைவர்மேல்தான், அதாவது பிரிண்டரை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்மேல்தான் சந்தேகம். விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவைத் திறந்து, ஸ்பூலர் விழுந்த நேரத்தில் எந்தக் கோப்பின் பெயர் வருகிறது என்று பாருங்கள். பிரிண்டர் டிரைவரின் கோப்பு என்றால் அந்த டிரைவரை முழுதாக நீக்கிப் புதிதாக நிறுவுங்கள்.

தயவுசெய்து ஆர்பிசி (ரிமோட் புரொசீஜர் கால், நிரல்கள் ஒன்றையொன்று அழைக்க உதவுவது) சேவையை மட்டும் டிசேபிள் செய்யாதீர்கள். ஸ்பூலர் மட்டுமல்ல, விண்டோஸின் பல சேவைகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன.