ஸ்காட்லாந்தின் டனாட் குன்றில், பாறையில் செதுக்கிய பாதச்சுவடு எங்கே இருக்கிறது?

பாதச்சுவடு உச்சியில் இல்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே, சரிந்து கிடக்கும் பாறைப் பரப்பில் இருக்கிறது. பக்கத்துக் கில்மார்டின் கிராமத்தில் தங்கி இரண்டு முறை ஏறியும் காணவில்லை என்கிறீர்களே, காற்று வீசும் உச்சிக்கு நேராகப் போய் ஆட் ஆற்றின் வளைவுகளில் மனம் லயித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் காட்சி அப்படிப்பட்டது!

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். உச்சியிலிருந்து சில அடிகள் இறங்கி, பாறையில் கிண்ணம்போல் குடைந்த குழியைத் தேடுங்கள். மழைநீர் தேங்கியிருந்தால் எளிதில் தெரியும். பாதச்சுவடும் அதன் அருகில்தான். காட்டுப்பன்றி உருவமும் ஓகம் என்னும் பழைய அயர்லாந்து எழுத்துக் கீறல்களும் அங்கேயே உண்டு. மிக மெல்லிய கோடுகள் என்பதால் வெயில் சாய்ந்த நேரத்தில் பாருங்கள், நிழல் விழுந்து துலங்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் தொடப்போவது பிரதி. மூலப் பாறையைக் காக்க அதன்மேல் பதித்திருக்கிறார்கள். ஆனாலும் டால் ரியாட்டா என்னும் பழைய கேலிக் நாட்டின் அரசர்கள் பதவியேற்றதாகக் கருதப்படும் இடம் அதுதான். காலை வைக்கும்போது மெய் சிலிர்க்கும். ஈரப் பாறை வழுக்கும், நல்ல பிடிமானமுள்ள காலணி அவசியம்.

திரும்பும் வழியில் நெதர் லார்கி வடக்கு என்னும் பழங்காலக் கல்லறைக் கற்குவியலை விட்டுவிடாதீர்கள். மேலிருந்து உள்ளே இறங்கலாம். கல்லறை மூடுகல்லில் வெண்கலக் காலக் கோடரிகளைச் செதுக்கியிருக்கிறார்கள்.