டீச்சர் ட்ரெய்னிங்: கடற்கரை ஊர்களின் கேள்விகளும் பதில்களும்

மண்டபத்திலிருந்து ஒரு தந்தை: சார், மக பிளஸ் டூ முடிச்சிருச்சு. டீச்சராத்தான் ஆகணும்னு நிக்கிது. ரெண்டு வருச ட்ரெய்னிங் போடவா, டிகிரி முடிச்சு பி.எட். போடவா?

எந்த வயசுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஆசை என்று முதலில் மகளிடம் கேளுங்கண்ணே. படிப்பு அதிலிருந்துதான் பிரிகிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்றால் தொடக்கக் கல்விப் பட்டயம். அதாவது டி.எல்.எட்., பழைய பெயர் டி.டி.எட். இரண்டு வருடம். ஆறு முதல் பத்து வரை என்றால் டிகிரியும் பி.எட்.டும், மொத்தம் ஐந்து வருடம். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு அதே பாடத்தில் முதுகலையும் வேண்டும்.

பி.எட். முடித்தால் சின்ன வகுப்புக்கும் போகலாம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 2018இல் அப்படி ஒரு வழி திறந்தது உண்மை. 2023 ஆகஸ்ட் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை மூடிவிட்டது. தொடக்க வகுப்புக்கு இனிப் பட்டயம்தான்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அரசு நிறுவனம் பரமக்குடி பக்கம் மஞ்சூரில் இருக்கிறது. பிளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 45. அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் கையைக் கடிக்காது. சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்காரப் பிடிக்குமென்றால் அங்கே சேருங்கள். பட்டயம் கையில் இருக்கும்போதே டிகிரியும் பிறகு பி.எட்.டும் முடித்தால் இரண்டு பக்கமும் விண்ணப்பிக்கலாம். "சீக்கிரம் முடியுதே" என்பதற்காக மட்டும் சேர்க்க வேண்டாம். படிப்புதான் சீக்கிரம் முடியும், வேலை வேறு கணக்கு.

ஏர்வாடி, பி.காம். மூன்றாம் ஆண்டு: நான் பி.எட். சேர முடியுமா சார்?

பி.காம். மட்டும் வைத்துக்கொண்டு முடியாது தம்பி. வணிகவியல், பொருளாதாரம் மாதிரிப் பாடங்களுக்கு முதுகலை முடித்த பிறகுதான் பி.எட். இடம். ஆறு முதல் பத்து வரை வணிகவியல் என்ற பாடமே இல்லையே! எம்.காம்., பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதுவதுதான் உங்கள் பாதை.

மற்ற பாடக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. டிகிரியின் பெயர் "கணிதம்", "வேதியியல்" என்று நேராக இல்லாமல், முன்னும் பின்னும் ஒட்டுச் சொற்களோடு இருந்தால், அது அந்தப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா எனச் சேருமுன் பாருங்கள். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வருகிறவர்களில் பலர் இந்த இணைத்தன்மையில்தான் மாட்டுகிறார்கள்.

திருப்பாலைக்குடி: வெளி மாநிலத்துல காலேஜுக்குப் போகாமலே பி.எட். வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு. பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். பி.எட். இரண்டு ஆண்டு நேரடிப் படிப்பு. பாட வகுப்புக்கு 80 சதவீதமும் பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகை இருக்க வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி. தொலைநிலை பி.எட். உண்டு. ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களுக்கானது. காசு கொடுத்து வாங்கிய பட்டம் எங்கே பல்லிளிக்கும் என்றால், வேலை கிடைத்த பிறகு, பட்டம் உண்மைதானா என்று கேட்டு உண்மைத்தன்மைச் சான்றுக்கு அனுப்பும்போது. அன்றைக்கு வேலையும் போகும், வழக்கும் வரும்.

புதுமடம், பிளஸ் டூ மாணவி: பி.எட். சேர டிகிரியில எத்தனை பர்சென்ட் வேணும்? பக்கத்துல அரசு காலேஜ் எது?

பொதுப் பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு (முஸ்லிம் பிரிவும் சேர்த்து) 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. அரசுக் கல்லூரி புதுக்கோட்டையில் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் கல்லூரி உண்டு.

தேவிபட்டினம், பி.எட். முதலாம் ஆண்டு: டீச்சிங் பிராக்டீஸ்ல எங்க சறுக்கும்? முன்னாடியே தெரிஞ்சா நல்லது.

மொத்தம் 20 வாரம். முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. அந்தப் பதினாறு வாரத்தை ரெக்கார்டு எழுதும் காலமாக ஆக்கிக்கொள்வதுதான் முதல் சறுக்கல். சீனியரின் பாடத்திட்ட நோட்டைப் பார்த்து எழுதினால் நோட்டு அழகாக இருக்கும், வகுப்பில் கை உதறும்.

இரண்டாவது சறுக்கல், நேரம். 40 நிமிடப் பாடவேளையில் அறிமுகத்துக்கு 5 நிமிடம் போதும். புதிய கருத்துக்கு 15 நிமிடம், பிள்ளைகள் தாங்களே செய்ய 15 நிமிடம், கடைசி 5 நிமிடம் சரிபார்க்க. பெரும்பாலும் அறிமுகக் கதையே கால்மணி நேரத்தைத் தின்றுவிடுகிறது. பிள்ளைகள் செய்ய வேண்டியது வீட்டுப்பாடமாகிவிடுகிறது. வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளை அங்கேயே விழுகிறது.

"புரிஞ்சுதா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். "புரிஞ்சுச்சு டீச்சர்" என்று கோரஸாக வரும், அதற்கு மதிப்பு பூஜ்யம். கணக்கென்றால் ஒரு கணக்கைக் கொடுத்து, நோட்டோடு நாலு பேரை மட்டும் பாருங்கள். முன்பெஞ்சில் ஒருவர், நடுவில் இருவர், கடைசியில் ஒருவர். அந்த நாலு நோட்டில் வகுப்பு தெரிந்துவிடும். கரும்பலகையை இடமிருந்து எழுதிக்கொண்டே போய், வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கைப் பிள்ளைகள் வந்து எழுத விட்டுவையுங்கள்.

ஒரு சின்ன விஷயம், நம் பக்கத்துக்கு மட்டும். ஐப்பசி, கார்த்திகையில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து சார்ட் பேப்பர் சுருண்டுவிடும், குண்டூசி துருப்பிடித்துக் கறை இறங்கும், சாக்பீஸ் நமத்துப்போய் எழுதாது. சாக்பீஸை இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். அடிக்கடி எடுக்கிற எழுத்து அட்டைகளுக்கு மட்டும் லேமினேஷன் போதும்.

கீழக்கரை: டெட்ல 96 எடுத்து பாஸ் பண்ணிட்டேன். வேலை எப்ப வரும் அண்ணே?

டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வில் பாஸ் என்பது விண்ணப்பிக்கும் தகுதி மட்டும் தம்பி. 2018இல் வந்த அரசாணை 149 முதல், நியமனத்துக்குத் தனியாகப் போட்டித்தேர்வு உண்டு. ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) அறிவிக்கை விடும்போது மறுபடி விண்ணப்பித்து, மறுபடி எழுத வேண்டும். இடைநிலை ஆசிரியர், அதாவது ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பவர்களுக்கான தேர்வு 2024 ஜூலை 21ஆம் தேதி நடந்தது. அதில் முதல் பகுதி தமிழ்த் தகுதித் தேர்வு, 30 கேள்வி, 50 மதிப்பெண். 20 எடுக்காவிட்டால் அடுத்த பகுதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். அடுத்தது 150 கேள்விகள் கொண்ட பாடப்பகுதி.

நல்ல செய்தி, டெட் சான்றிதழ் இப்போது ஆயுளுக்கும் செல்லும். வயது வரம்பும் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்ந்திருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை அரசுப் பாடநூலை வரிவரியாகப் படியுங்கள். கைடு அதற்கு அப்புறம்.

இன்னொன்றை இப்போதே செய்யுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததாகச் சான்று கேட்கிறார்கள். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் உரிய படிவத்தில் தனித்தனியாக வாங்க வேண்டும். அப்பா தொழிலுக்காக இரண்டு, மூன்று ஊர் மாறிய பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய அலைச்சல். பள்ளியே மூடப்பட்டிருந்தால் அந்த வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். அறிவிக்கை வந்த பிறகு ஓடினால் நாள் போதாது.

வாலிநோக்கம்: டெட்ல எந்தப் பேப்பர் எழுதணும்?

பட்டயக்காரர்களுக்கு முதல் தாள், பி.எட்.காரர்களுக்கு இரண்டாம் தாள். எதுவானாலும் 150 கேள்வி, 150 மதிப்பெண், தப்புக்கு மைனஸ் இல்லை. அதனால் ஒன்றையும் விடாமல் குறியுங்கள். பொதுப் பிரிவுக்கு 90 எடுக்க வேண்டும், மற்றவர்களுக்கான தளர்வு அந்தந்த அறிவிக்கையில் இருக்கும். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் 30 மதிப்பெண். மனப்பாடம் செய்தவர்கள் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அதில் வகுப்பறையில் ஒரு சூழலைச் சொல்லி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள்.

தொண்டி, உதவிபெறும் பள்ளி ஆசிரியை, வயது 48: நான் டெட் வருவதற்கு முன்பே சேர்ந்தவள். இப்போது நானும் எழுத வேண்டும் என்கிறார்களே?

ஆமாம் டீச்சர். உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1ஆம் தேதித் தீர்ப்புப்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும். உங்களுக்கு 60 வயது வரை இன்னும் 12 ஆண்டு இருக்கிறது. ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் எழுதாமல் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. உங்கள் பள்ளி சிறுபான்மை நிறுவனம் என்றால் அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது எப்படி முடிந்தாலும் படிக்கத் தொடங்குவதுதான் புத்தி. தேர்ச்சி கையில் இருந்தால் யாருக்கும் பயப்பட வேண்டாம்.

ராமேஸ்வரம்: சம்பளம் எவ்வளவு சார், நேராச் சொல்லுங்க.

இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 20,600இல் தொடங்குகிறது. ஆறு முதல் பத்து வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400, முதுகலை ஆசிரியருக்கு 36,900. அதற்கு மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும். ஓய்வூதியப் பங்களிப்பு 10 சதவீதமும் மருத்துவக் காப்பீடும் பிடித்தம். முதல் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பள்ளம் பார்த்தீர்களா? 2009 ஜூன் 1க்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள் "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று வருடக்கணக்காகப் போராடுவது, தங்களுக்கு முன் சேர்ந்தவர்களுக்கும் தங்களுக்கும் விழுந்த இன்னொரு பள்ளத்துக்காக. இதெல்லாம் தெரிந்தே சேருங்கள்.

முதல் மாதச் சம்பளம் முதல் மாதமே வராது. பணிப்பதிவேடு திறந்து, ஓய்வூதிய எண் வாங்கி, களஞ்சியம் எனும் அரசின் சம்பள மென்பொருளில் பெயர் ஏறிய பிறகுதான் பில் போகும். இரண்டு, மூன்று மாத வாடகையையும் பஸ் காசையும் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். உண்மைத்தன்மைச் சான்றுக்குச் சேர்ந்த வாரத்திலேயே தலைமையாசிரியர் மூலம் அனுப்பச் சொல்லுங்கள். அது வராமல் பணிவரன்முறையும் (நியமனத்தை முறைப்படி உறுதி செய்வது) தகுதிகாண் பருவமும் இழுத்துக்கொண்டே போகும்.

சாயல்குடி பக்கம், புதிதாகச் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்: அஞ்சு வகுப்பு, ரெண்டே ஆசிரியர். பனை சீசன் வந்தா பாதிப் பிள்ளைகளைக் காணோம். என்ன செய்வது?

அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான், கல்வி உரிமைச் சட்டக் கணக்கே அது. ஆகவே இது தற்காலிகச் சிரமம் என்று நினைக்காமல், நிரந்தர ஏற்பாடாகத் திட்டமிடுங்கள். 1, 2, 3ஐ ஒருவர், 4, 5ஐ ஒருவர் எடுத்துக்கொள்வது வழக்கம். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பது இந்த மாதிரிப் பள்ளிக்குத்தான் உண்மையில் பொருந்தும். வகுப்பை மறந்து நிலையைப் பாருங்கள். முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிடம்: எழுத்து, சொல், ஒரு சின்னப் பத்தி. பிறகு கடன் வாங்கிக் கழிக்கும் ஒரு கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் நின்றால் வெட்கப்படாதபடி ஒரு வேலை கொடுங்கள். சின்னவர்களுக்கு வாசித்துக் காட்டச் சொன்னால் தானும் கற்றுக்கொள்ளும். ஒரு குழுவுக்கு நீங்கள் பாடம் நடத்தும்போது மற்ற குழுக்களுக்கு எழுத்து வேலை பலகையில் தயாராக இருக்க வேண்டும். அதைக் காலையில் மணி அடிக்குமுன் எழுதிவிடுங்கள். நடுவில் எழுதத் திரும்பினால் மூன்று குழுவும் கலைந்துவிடும்.

சீசனுக்குக் குடும்பத்தோடு விடிலிக்கு (பனங்காட்டில் கருப்பட்டி காய்ச்சும் குடிசை) போகிற பிள்ளைக்கு அவசரப்பட்டு டி.சி. எழுதிவிடாதீர்கள். எந்த ஊர்க் காட்டில் விடிலி போட்டிருக்கிறார்கள் என்று பனையேறும் அப்பாவிடம் போகுமுன்னே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போனில் பேசி, பிள்ளை அங்கே போய் உட்கார ஏற்பாடு செய்யுங்கள். நீண்ட நாள் என்றால் எமிஸ் எனும் மாணவர் விவர இணையதளத்தில் காமன் பூலுக்கு (பொதுத் தொகுப்புக்கு) அனுப்பி அவர்கள் எடுத்துக்கொள்வது சுத்தம். பாட நூலையும் பயிற்சி நூலையும் கையோடு கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் பழைய வகுப்பில் உட்காரவைத்து விட்டுவிடாமல், மறுபடி அந்த ஐந்து நிமிடச் சோதனை.

கடலோரப் பள்ளிக்குக் கணக்கு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி திறக்கும் ஜூனில் வீட்டில் கையிருப்பு வழித்துப் போயிருக்கும். நூல், நோட்டு, சீருடையை அரசே தருகிறது. அதற்கு மேல் "இதை வாங்கி வா, அதை வாங்கி வா" என்று அந்த மாதம் கேட்காதீர்கள். கேட்டால் பிள்ளை வராமல் நின்றுவிடும். ஏழு, எட்டில் படிக்கும் பையன் திங்கட்கிழமைதோறும் வராவிட்டால், அப்பாவோ மாமனோ எந்தப் படகில் போகிறார்கள் என்று விசாரியுங்கள். கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாக்களின் மூத்த பெண்பிள்ளை, கைக்குழந்தையைப் பார்த்துவிட்டுத் தாமதமாகத்தான் வரும். அந்தப் பிள்ளையை வாசலில் நிறுத்தாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை வலை காயும் நேரத்தில், சங்கத்துக் கட்டடத்திலோ கோயில், பள்ளிவாசல் பக்கமோ வைத்தால் அப்பாக்களும் வருவார்கள். காலை பத்து மணிக்கு வைத்தால் கையெழுத்து மட்டும்தான் வரும்.

தங்கச்சிமடம்: பிரைவேட் ஸ்கூல்ல சேர்ந்துக்கிட்டே டி.ஆர்.பி.க்குப் படிக்கலாமா?

படிக்கலாம். சேரும்போது அசல் சான்றிதழை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நகல் கொடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வரும் வாரத்தில்தான் அந்த அசலைத் திரும்ப வாங்குவது கஷ்டமாக இருக்கும்.