ஒரே மாத்திரை, இரண்டு மருந்து: ‘நரம்பு மாத்திரை’யை எப்படி நிறுத்துவது?

கேள்வி: எனக்கு 54 வயது. மதுரையில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் இறந்தபின் மூன்று மாதம் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் கிடந்தேன். மனநல மருத்துவர் இரவில் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., குளோனாசெபாம் 0.5 மி.கி. என்று அதில் இருக்கிறது. எட்டு மாதம் ஆகிறது. இப்போது நன்றாக இருக்கிறேன். முதல் இரண்டு மாதத்துக்குப் பிறகு மருத்துவரிடம் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிக்கொள்கிறேன். சென்ற மாதம் ஊருக்குப் போனபோது மாத்திரையை எடுத்துச் செல்ல மறந்துவிட்டேன். நான்காம் நாள் தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் வெட்டி வெட்டி இழுத்தது. தலைசுற்றல், காரணமில்லாத அழுகை வேறு. ‘நீ மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாய்’ என்கிறார் நாத்தனார். உண்மையா? இதை நிறுத்திவிடலாமா? ரத்த அழுத்தத்துக்கும் முழங்கால் வலிக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். இன்னொன்று: தேர்வு நேரத்தில் தூக்கம் வராமல் தவித்த என் மகளுக்கு (20 வயது) இதிலேயே பாதி உடைத்து இரண்டு நாள் கொடுத்தேன். தவறா?

பதில்: உங்கள் நாத்தனார் சொன்னதில் பாதி தவறு, பாதி சரி. எது எந்தப் பாதி என்பது மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது.

அலுமினியத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதன் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், உள்ளே இருக்கும் மருந்துகளின் பெயர்கள். நம் ஊர்க் கடைகளில் ஐந்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார்கள். வெட்டிய துண்டில் பெயர் பாதி போயிருக்கும், காலாவதித் தேதி முழுதாகப் போயிருக்கும். அப்படி ஒரு துண்டை மேசைமேல் வைத்து, ‘இந்த நரம்பு மாத்திரையைத்தான் சாப்பிடுகிறேன்’ என்பவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். நீங்கள் இரண்டு பெயரையும் அளவோடு எழுதியிருக்கிறீர்கள். என் வேலையில் பாதியை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

முதல் மருந்து எஸ்சிட்டலோபிராம். மனச்சோர்வுக்கும் தீராத பதற்றத்துக்கும் கொடுப்பது. நரம்பு முனைகள் வெளியிட்ட செரட்டோனின் என்ற வேதிப்பொருளை அவையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கிறது. இது உடனே எதையும் செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்கு முன்பே சிலருக்குக் குமட்டலும் வயிற்றுப் பிரட்டலும் வந்துவிடும். போட்டதும் சுகம் தருவதில்லை, இன்னொன்று வேண்டும் என்ற ஏக்கத்தைக் கிளப்புவதில்லை, அளவைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்வதில்லை. அந்தப் பொருளில் இதற்கு யாரும் அடிமையாவதில்லை.

இரண்டாவது குளோனாசெபாம். இது வேறு குலம்; டயசெபாம், அல்பிரசோலம் எல்லாம் இதன் பங்காளிகள். போட்ட முதல் இரவே தூங்கவைக்கும். பல வாரம் தொடர்ந்தால் உடல் இதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். பழைய அளவு போதாமல் போகலாம். நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் தூக்கம் கெடும், கை நடுங்கும், பதற்றம் ஏறும். சிலருக்கு வலிப்பே வரலாம். நாத்தனாரின் எச்சரிக்கை இந்த மருந்துக்குப் பொருந்தும்.

இரண்டையும் சேர்த்து ஏன் கொடுத்தார்? அதற்கு நியாயம் உண்டு. எஸ்சிட்டலோபிராம் வேலை செய்யத் தொடங்கும்வரை நோயாளியைத் தூங்கவைக்க ஏதாவது வேண்டும். முதல் சில நாட்களில் எஸ்சிட்டலோபிராமே சிலருக்குப் படபடப்பைக் கூட்டவும் செய்யும். அந்த இடைவெளியைக் கடக்க, இரண்டு முதல் நான்கு வாரத்துக்குக் குளோனாசெபாம் ஒரு தற்காலிகப் பாலம். சிக்கல் என்னவென்றால், இரண்டும் ஒரே மாத்திரைக்குள் இருந்தால் பாலத்தை மட்டும் தனியாக எடுக்க முடியாது. நான் இந்தக் கூட்டு மாத்திரையை எழுதுவதில்லை. உங்களைப்போலப் பழைய சீட்டிலேயே வாங்கிக்கொண்டிருப்பவர்கள் ஒரு மாத மருந்தை எட்டு மாதம், சிலர் எட்டு வருடம்கூடச் சாப்பிடுகிறார்கள்.

நான்காம் நாள் தலைக்குள் அடித்த கரண்டுக்கு வருவோம். எஸ்சிட்டலோபிராம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். நான்கு நாளில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். மாதக்கணக்கில் ஒரு அளவுக்குப் பழகிய மூளை, அது இறங்கும்போது இப்படித்தான் முரண்டு பிடிக்கும்: கண்ணைத் திருப்பினால் தலைக்குள் ஷாக், தலைசுற்றல், கெட்ட கனவு, எரிச்சல், அழுகை. குளோனாசெபாமும் சேர்ந்து நின்றுபோனதால் உங்களுக்குக் கொஞ்சம் பலமாகவே இருந்திருக்கும். பயமாக இருக்கும்; ஆனால் இது மருந்து விலகும்போது வரும் தொந்தரவு. பழைய நோய் திரும்புவது வேறு மாதிரி இருக்கும். விலகல் தொந்தரவு சில நாட்களுக்குள் வரும், மாத்திரையை மறுபடி போட்டால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். நோய் திரும்பினால் அது வாரக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வரும். காலையில் எழ மனம் இருக்காது, பள்ளிக்குப் போகப் பிடிக்காது. தலைக்குள் கரண்ட் மட்டும் இருக்காது.

நிறுத்தலாமா என்றால், நிறுத்தலாம், நீங்களாக வேண்டாம். முதல் முறை மனச்சோர்வு வந்தவர்கள் முழுதாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் எஸ்சிட்டலோபிராமைத் தொடர வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. கணக்கு, மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து இல்லை, தேறிய நாளிலிருந்து. எட்டு மாதத்தில் நீங்கள் எப்போது பழையபடி ஆனீர்கள் என்று யோசித்து வையுங்கள். மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார். இதற்கு முன்பும் இப்படி வந்திருந்தால் இன்னும் நீண்ட காலம் தொடரச் சொல்வார்.

மருந்தின் அளவைக் குறைக்கும் வரிசையில் நான் வழக்கமாகச் செய்வது இது. முதலில் கூட்டு மாத்திரையை விட்டு, அதே அளவில் இரண்டு தனி மாத்திரைகளுக்கு மாற்றுவேன். எஸ்சிட்டலோபிராமைத் தொடாமல் குளோனாசெபாமை மட்டும் 0.5-லிருந்து 0.25, பிறகு அதில் பாதி என்று வாரக்கணக்கில் குறைப்பேன். அது போய்த் தூக்கம் நிலைத்த பிறகுதான் அடுத்தது. எஸ்சிட்டலோபிராமில் ஒரு விசித்திரம்: 10-லிருந்து 5-க்கு இறங்குவது பலருக்குத் தெரியாது, 5-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும்போதுதான் கஷ்டம். சின்ன அளவிலேயே இந்த மருந்து மூளையில் பெரும்பங்கு வேலையைச் செய்துவிடுவதால், கடைசிப் படி கண்ணுக்குத் தெரிவதைவிட உயரமானது. அதனால் 2.5 மி.கி. அளவிலேயே சில வாரம் வைத்திருப்பேன். ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுங்கள்’ என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். மருந்து ஏறி இறங்கி, ஊரில் பட்ட அவஸ்தையின் சின்னப் பதிப்பை வாராவாரம் அனுபவிப்பீர்கள்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ரத்த அழுத்த மாத்திரையும் முழங்கால் மாத்திரையும்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. அந்த அட்டைகளையும் திருப்பிப் பாருங்கள்.

ரத்த அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்ற பெயர் ஏதாவது இருக்கிறதா? இவை சிறுநீரைக் கூட்டி உப்பை வெளியேற்றுபவை. எஸ்சிட்டலோபிராமும் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடியது, அதிலும் வயது கூடியவர்களுக்கு, பெண்களுக்கு. இரண்டும் சேர்ந்தால் 135-க்குமேல் இருக்க வேண்டிய சோடியம் சரசரவென இறங்கலாம். சோர்வு, தலைவலி, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் வரும்; வீட்டில் ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லி விட்டுவிடுவார்கள். மருந்து தொடங்கிய முதல் வாரங்களில்தான் இது அதிகம் என்றாலும், நீங்கள் இதுவரை பார்க்கவில்லை என்றால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

முழங்கால் மாத்திரை டைக்ளோபினாக், அசெக்ளோபினாக் வகை என்றால், வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களுக்கும் செரட்டோனின் வேண்டும். எஸ்சிட்டலோபிராம் அதைத் தடுத்துவிடுகிறது. மலம் தார்போலக் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிக்கு முதலில் பாராசிட்டமால் போதுமா என்று பார்க்கலாம். முழங்கால் மாத்திரையோடு ‘கேஸ் மாத்திரை’ என்று ஓமெப்ரசோல் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்; அது ரத்தத்தில் எஸ்சிட்டலோபிராம் அளவை உயர்த்தும்.

முழங்கால் மாத்திரையில் டிராமடால் என்ற பெயர் இருந்தால் விஷயம் இன்னும் கடுமை. அதுவும் எஸ்சிட்டலோபிராமும் சேர்ந்து செரட்டோனினை அளவுமீறி ஏற்றிவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாமை, தசைத் துடிப்பு, காய்ச்சல் என்று வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வறட்டு இருமல் சிரப்பில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பானும் இதே வரிசை. இதயத் துடிப்பில் ஏற்கெனவே கோளாறு இருப்பவர்கள் வாந்திக்கு டோம்பெரிடோன் வாங்குவதற்கு முன்பும் கேட்க வேண்டும்.

மகளுக்குக் கொடுத்தது தவறுதான். இரண்டு நாள் பாதி மாத்திரையால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது, பதற வேண்டாம். அவளைத் தூங்கவைத்தது குளோனாசெபாம். அது மறுநாள் தேர்வில் கவனத்தையும் நினைவாற்றலையும் மழுங்கடிக்கலாம், காலையில் ஸ்கூட்டர் ஓட்டுவதையும் ஆபத்தாக்கும். எஸ்சிட்டலோபிராம் பங்குக்கு இரண்டு நாளில் எதையும் செய்திருக்காது. ஆனால் அந்த வயதில் அதற்குத் தனி எச்சரிக்கை உண்டு: 24 வயதுவரை உள்ளவர்களில் சிலருக்கு, இவ்வகை மருந்தைத் தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் சிறுவர்களுக்கும் 2007-இல் இளைஞர்களுக்கும் இதை மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிட வைத்தது. இளையோருக்கு இந்த மருந்தே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. முதல் வாரங்களில் ஒரு மருத்துவரின் கண் அவர்கள்மேல் இருக்க வேண்டும். மருந்து தொடங்கியதும் ஒருவர் தூக்கமே இல்லாமல் அளவுகடந்த உற்சாகத்தோடு சுற்றினால் அதுவும் உடனே சொல்ல வேண்டிய செய்தி. இருதுருவ நோய் (மனம் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறி மாறிப் போவது) இருப்பவர்களுக்கு இப்படி ஆகக்கூடும். மகளின் தூக்கம் இன்னும் சரியாகவில்லை என்றால் அவளிடமே பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா அட்டைகளையும், வெட்டிய துண்டாக இல்லாமல் முழு அட்டையாக, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். அதுவரை இப்போதைய மாத்திரையை அதே நேரத்தில் அதே அளவில் தொடருங்கள். ஓர் இரவு மறந்துவிட்டால் மறுநாள் இரவு ஒன்று மட்டும். ஈடுகட்ட இரண்டு வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தங்கும் நாட்களைவிட மூன்று மாத்திரை கூடுதலாக எண்ணி, பெட்டியில் வேண்டாம், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாத்தனார் பார்த்துக் கேட்டால், இரண்டு பெயரையும் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.