ஹெர்மீஸை வழிபட விரும்புவோர் கேட்டவை

கேள்வி: அக்கா, கிரேக்க தெய்வங்கள்ல வழித்துணையா வர்ற ஹெர்மீஸ் மேலதான் மனசு போகுது. கதையெல்லாம் படிச்சாச்சு. இனிமே எங்கிருந்து தொடங்குறது?

கதை படித்துவிட்டு வருகிறவர்கள் முதலில் எதிர்பார்ப்பது ஒரு கனவு, ஒரு சிலிர்ப்பு. பழைய கிரேக்கர்கள் தொடங்கியது கொடுப்பதிலிருந்து. நீங்கள் கொடுக்கிறீர்கள், தெய்வம் கொடுக்கிறது, மறுபடியும் நீங்கள் கொடுக்கிறீர்கள். இந்தப் போக்குவரத்தில் வளரும் பிரியத்தைத்தான் அவர்கள் ‘காரிஸ்’ என்றார்கள். மாண்டிக்ளோஸ் என்பவர் அப்போலோ தெய்வத்துக்கு வைத்த சிறு வெண்கலப் பதுமை ஒன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கி.மு. 700ஐ ஒட்டிய காலத்தது. இதைக் காணிக்கையாகத் தந்தேன், நீயும் பதிலுக்கு மகிழும்படி ஏதாவது கொடு என்று அதன் தொடையிலேயே வெட்டி வைத்திருக்கிறார். இதில் அவர்களுக்குக் கூச்சமே கிடையாது.

எவ்வளவு கொடுப்பது என்ற கவலைக்குப் பழங்காலத் தத்துவஞானி போர்ஃபிரி எடுத்துச் சொல்லும் ஒரு கதை போதும். ஆசியாவின் மக்னீசியாவைச் சேர்ந்த பெரும் பணக்காரர் ஒருவர் அப்போலோ குறி சொல்லும் டெல்ஃபி கோயிலுக்குப் போய், தெய்வங்களை மிகச் சிறப்பாக வழிபடுகிறவர் யார் என்று கேட்டார். தன் பெயர்தான் வரும் என்ற நினைப்பு. வந்த பெயரோ ஆர்கேடியாவில் மெதிட்ரியம் என்ற சிற்றூரின் கிளியார்கஸ். தேடிப் போய்ப் பார்த்தால், அவர் மாதாமாதம் அமாவாசை கழிந்த முதல் நாளில் வீட்டிலிருந்த ஹெர்மீஸ், ஹெகடி ஆகிய தெய்வங்களின் உருவங்களைத் துடைத்து, மாலை சூட்டி, தூபமும் மாவுப் பணியாரமும் வைப்பவர். அவ்வளவே. நாள் தவறாதவர் என்பதுதான் விஷயம். நீங்களும் மாதம் ஒரு நாளில் தொடங்குங்கள். முதல் வாரமே தினமும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்பவர்கள் இரண்டாம் மாதம் காணாமல் போகிறார்கள்.

கேள்வி: சிலை கட்டாயமா மேடம்? ஆன்லைனில் ரொம்ப விலை சொல்றாங்க.

வேண்டாம். ஹெர்மீஸின் பழைய அடையாளங்களில் ஒன்று வழியோரக் கற்குவியல். ஏதென்ஸ் வீட்டு வாசல்களில் நின்றதும் உச்சியில் தலை செதுக்கிய சதுரத் தூண்தான். உள்ளங்கை அளவு ஆற்றுக்கல் ஒன்றைக் கழுவி வைத்தாலே போதும். இடம், வாசற்கதவுக்கு உட்புறம். வருவதும் போவதும் அவர் பொறுப்பு. ஒரு விளக்கு, ஒரு சின்னக் கிண்ணம், நீர் வைக்க ஒரு பாத்திரம், இவை போதும். கிண்ணம் வழிபாட்டுக்கு மட்டும் என்று ஒதுங்கியிருக்க வேண்டும். காலையில் தயிர் சாப்பிட்ட கிண்ணத்தையே மாலையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு வழிபாட்டை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகச் சொல்ல முடியுமா?

முதலில் குளியல், அல்லது முகம், கை, கால் கழுவுதல். கழுவாத கையால் தெய்வங்களின் தலைவர் ஜீயஸுக்கு மது வார்க்காதே என்று பழங்கவிஞர் ஹெசியாட் கண்டிப்பாகவே சொல்கிறார்.

அடுத்தது தூய்மை நீர், ‘கெர்னிப்ஸ்’. ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் எடுங்கள். பலிபீட நெருப்பிலிருந்து எடுத்த கொள்ளியை நீரில் முக்குவது பழைய முறை. வீட்டில் ஒரு காய்ந்த இலையை விளக்கில் பற்றவைத்து நீரில் அணைத்தால் போதும். லாரல் இலை கிடைக்காமல் அலைய வேண்டாம், நம் பிரியாணி இலையும் ஆகும். நெருப்பு நீரைத் தொடுவதுதான் முக்கியம். இலையை விரலால் பிடிக்காமல் இடுக்கியால் பிடியுங்கள், எண்ணெய்ச் சத்துள்ள இலை குப்பென்று பற்றும். அந்த நீரில் கை நனைத்து, இடத்திலும் தெளித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஹெஸ்டியாவுக்கு முதல் துளி. அடுப்பின் தெய்வம் அவர்; முதலிலும் கடைசியிலும் அவருக்கு வார்க்காமல் விருந்தே இல்லை என்று ஹோமர் பெயரில் வழங்கும் பழம்பாடல்களில் ஒன்றான, அவருக்கான ஹோமரியத் துதி சொல்கிறது. புதியவர்கள் அதிகம் விட்டுவிடும் படி இது.

அடுத்து ஒரு சிட்டிகை பார்லியைக் கல்லின் முன் தூவுங்கள். தூபம் ஏற்றுங்கள். எழுந்து நின்று, உள்ளங்கை மேல்நோக்கியிருக்கக் கைகளை உயர்த்தி, வாய்விட்டு வேண்டுங்கள். மண்டியிடுவது அங்கே அரிது. மனசுக்குள் முணுமுணுக்கும் வேண்டுதலைக் கிரேக்கர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள், மற்றவர் காதில் விழக்கூடாத எதையோ கேட்கிறான் என்று.

வேண்டுதலுக்கு மூன்று பகுதி. முதலில் அழைப்பு: “மாயாவின் மகனே, கில்லீனி மலையில் பிறந்தவனே, வழித்துணையே” என்று பெயரும் ஊரும் சொல்லிக் கூப்பிடுவது. அடுத்தது உரிமை: முன்பு நான் இதைத் தந்தேன், முன்பு நீ எனக்கு இதைச் செய்தாய். ஹோமரின் இலியட் காவியத்தில் பூசாரி கிரைசிஸ் அப்போலோவிடம், உன் கோயிலுக்குக் கூரை போட்டேனே என்று நினைவூட்டுவது இதுதான். கடைசியில்தான் கோரிக்கை, அதுவும் ஒன்றே ஒன்று. முதல் சில மாதங்கள் உரிமைப் பகுதியில் சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது. அப்போது கோரிக்கையும் வைக்காமல் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்வது அழகு. தமிழிலேயே சொல்லுங்கள், தாராளமாக.

பின்பு பானம் வார்த்தல். ஒரு மேசைக்கரண்டி அளவைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, மிச்சத்தை நீங்கள் குடிக்க வேண்டும். சேர்ந்து குடிப்பதில்தான் உறவு. முழுவதையும் மண்ணில் ஊற்றிவிடுவது இறந்தவர்களுக்கும் பாதாள தெய்வங்களுக்கும் உரிய முறை. கடைசியாக மறுபடி ஹெஸ்டியா.

கேள்வி: வீட்டில் ஒயின் வைக்க முடியாது. வேறு வழி?

தண்ணீரில் தேன், அல்லது பால். மது சேராத படையல் பழைய வழக்கத்திலேயே உண்டு. ஒயின் வைக்க முடிந்தவர்களும் அப்படியே ஊற்ற வேண்டாம். ஹெசியாட் சொல்வது மூன்று பங்கு நீருக்கு ஒரு பங்கு ஒயின். கிண்ணத்தில் இருப்பதை அன்றிரவே செடி வேரில் ஊற்றிவிடுங்கள். தேன் எறும்பைக் கூட்டிவரும், பால் விடிவதற்குள் புளிக்கும்.

கேள்வி: அக்கா, தூபத்துக்கு நம்ம கம்ப்யூட்டர் சாம்பிராணி போதுமா?

வாசனைக்குப் போதும். ஆனால் ஆர்ஃபியஸ் என்ற பாடகர் பெயரில் வழங்கும், ஹெர்மீஸுக்கான ஆர்ஃபிக் துதியின் தலைப்பில் சொல்லியிருப்பது குந்திரிக்கம், தேவாலயங்களில் புகைப்பது. நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள். கரித்துண்டு முழுக்கச் சாம்பல் பூத்த பிறகு பட்டாணி அளவில் இரண்டு துண்டு மட்டும் போடுங்கள். கருகல் நாற்றமும் கரும்புகையும் வந்தால் கரி அதிகச் சூடு என்று பொருள். மேலே கொஞ்சம் சாம்பல் தூவி அதன்மேல் வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கரிப்புகை மூடிய அறையில் ஆபத்து.

கேள்வி: அவருக்கு எந்த நாள்?

மாதத்தின் நாலாம் நாள், அவர் பிறந்த நாள். கி.மு. 388இல் அரிஸ்டோஃபனீஸ் எழுதிய நாடகத்தில், நாலாம் நாள் பணியாரம் நின்றுபோனதே என்று ஹெர்மீஸே வந்து புலம்புவார்! அந்தப் பணியாரத்தை நீங்கள் தேனும் மாவும் சேர்த்துச் சுடலாம். அத்திப்பழமும் வைக்கலாம்.

நாள் எண்ணுவதில் ஒரு சிக்கல். கிரேக்க மாதம் தொடங்குவது பிறை கண்ணுக்குத் தெரிந்த மாலையில். நாளும் சூரியன் மறையும்போதே பிறக்கிறது. பஞ்சாங்கத்தில் சதுர்த்தியைப் பார்த்து வைத்தால் பெரும்பாலும் ஒரு நாள் முந்திவிடும். பிறை கண்ட மாலையை ஒன்று என்று வைத்து எண்ணுங்கள்.

தினமும் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று மனம் கேட்டால், ஹோமரின் ஒடிசி காவியத்தில் ஃபயேசியர்கள் என்ற மக்கள் தூங்கப் போகுமுன் கடைசி வார்ப்பை ஹெர்மீஸுக்கு ஊற்றுவார்கள். படுக்கும்முன் ஒரு மடக்குத் தண்ணீர், ஒரு வரி வணக்கம்.

கேள்வி: மாதவிலக்கு நாட்களில்?

செவ்வியல் காலக் கிரேக்கக் கோயில் விதிக் கல்வெட்டுகளில் அந்தத் தடை காணப்படுவதில்லை. பிற்காலத்தில், முக்கியமாக வெளியிலிருந்து வந்த தெய்வங்களின் கோயில்களில்தான் தென்படுகிறது. அவர்கள் விலகி நின்றது சாவு, பிரசவம், உடலுறவு ஆகியவற்றுக்குப் பிறகு. கடைசியதற்குக் குளியலே பல இடங்களில் போதுமானது. சாவுக்கு எத்தனை நாள் என்பது ஊருக்கு ஊர் மாறியது.

கேள்வி: ரோட்டில் நாணயம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஹெர்மீஸ் என்னை அழைக்கிறாரா?

கண்டெடுத்த பொருள் ஹெர்மீஸ் கொடுத்தது என்பது கிரேக்க வழக்கம்தான். கூட இருப்பவருக்குப் பங்கு கொடு என்பதும் அந்த வழக்கத்திலேயே சேர்ந்தது. நன்றி சொல்லிவிட்டுப் பங்கு கொடுங்கள், அதற்குமேல் பொருள் ஏற்ற வேண்டாம். விடை வேண்டுமென்றால் முறையாகக் கேட்க வழி இருக்கிறது. அகேயாவின் ஃபாரை ஊர்ச் சந்தையில் இருந்த ஹெர்மீஸிடம் கேட்ட விதத்தைப் பழங்காலப் பயண எழுத்தாளர் பாசானியாஸ் எழுதியிருக்கிறார்: மாலையில் வந்து, தூபமிட்டு, வெண்கல விளக்குகளில் எண்ணெய் ஊற்றி ஏற்றி, வலப்புறம் ஒரு நாணயம் வைத்து, சிலையின் காதில் கேள்வியைச் சொல்ல வேண்டும். பிறகு காதைப் பொத்திக்கொண்டு சந்தையை விட்டு வெளியேறி, கையை எடுத்ததும் விழும் முதல் பேச்சே விடை. இரண்டாவது பேச்சுக்குக் காத்திருக்கக் கூடாது, பலர் கெடுத்துக்கொள்வது அங்கேதான்.

கேள்வியையும் நேர்மையாக வையுங்கள். பாரசீகப் பயணம் போகலாமா என்று கேட்காமல், எந்தத் தெய்வங்களுக்குப் பலி கொடுத்தால் நல்லபடி திரும்புவேன் என்று டெல்ஃபியில் கேட்டார் ஏதென்ஸ்காரர் செனஃபன். தத்துவஞானி சாக்ரடீஸிடம் அதற்காகத் திட்டு வாங்கினார்.

கேள்வி: இனி ஹெர்மீஸ் மட்டும் என்று உறுதி எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். ஒருவரிடம் கூடுதல் நெருக்கம் தவறில்லை. ஏதென்ஸ் பக்கத்து வாரி ஊர்க் குகையை நிம்ஃபுகள் என்ற இயற்கைப் பெண் தெய்வங்களுக்காகச் செதுக்கிய ஆர்க்கெடமஸ் போன்றவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஆர்ட்டெமிஸை மட்டும் கொண்டாடி அஃப்ரடைட்டியை அலட்சியம் செய்த ஹிப்பொலிட்டஸ் கிரேக்க நாடகத்தில் கொடூரமாகச் சாகிறான். நேர்ச்சை வேண்டுமானால் வையுங்கள், ஆனால் அளவும் தேதியும் சொல்லி: “இந்த வேலை கிடைத்தால் முதல் சம்பளத்தில் வெண்கல விளக்கு.” “என்றென்றும் உனக்கே” என்பதைக் கொடுத்துத் தீர்க்க முடியாது.

கேள்வி: பழைய காணிக்கைகள் சேர்ந்துவிட்டன. தூக்கிப் போடலாமா அக்கா?

பூ, பழம், பணியாரம் எல்லாம் அன்றன்றே மண்ணுக்குப் போகட்டும். பணியாரத்தை நீங்களும் சாப்பிடலாம். கல், நாணயம், பொம்மை போன்றவை கொடுத்தபின் தெய்வத்தின் சொத்து. கோயில்களிலேயே இடம் நிறைந்தால் அவற்றை வெளியே எறியாமல் வளாகத்துக்குள் குழி வெட்டிப் புதைத்தார்கள். தொட்டிச்செடி மண்ணும் ஆகும், பிளாஸ்டிக்கை மட்டும் காணிக்கையாக வைக்காதீர்கள்.