ஐந்து மணிக்கே எழுப்பும் மூன்று மாத நாய்க்குட்டி

காலை ஐந்து மணிக்குக் குட்டி முனகியதும் தட்டில் உணவு வைத்து அமைதிப்படுத்துவதாகச் சொல்கிறீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். விளக்குப் போடாமல், பேசாமல், கொஞ்சாமல் வெளியே தூக்கிச் செல்லுங்கள். சிறுநீர் கழித்ததும் நேராகப் படுக்கையில் கொண்டுவந்து விடுங்கள். உணவு ஆறரைக்குத்தான்.

முனகினால் தட்டு வரும் என்று அது கணக்குப் போட்டுவிட்டது என்றே நினைக்கிறேன். கெட்டிக்காரக் குட்டி!

ஒன்றைக் கவனியுங்கள். வெளியே விட்டதும் அவசரமாகக் குந்தி நிறையப் போகிறதா, அல்லது தரையை முகர்ந்துவிட்டு வாலை ஆட்டியபடி உங்கள் முகத்தையே பார்க்கிறதா? முதலாவது என்றால் உண்மையான அவசரம். இரவில் கடைசியாக வெளியே விடும் நேரத்தைத் தள்ளிப் போடுங்கள். இரண்டாவது என்றால் வெறும் பழக்கம். ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். முதல் சில நாட்கள் முனகல் கூடும், மசிந்துவிடாதீர்கள்.

ஆனால் முனகலை அடியோடு புறக்கணிக்கச் சொல்பவர்களின் பேச்சை இந்த வயதில் கேட்க வேண்டாம். மூன்று மாதக் குட்டி நான்கு மணி நேரம் அடக்குவதே பெரிது. சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.